பதினேழு எழுத்துகள்

சாவி பூந்தொட்டிக்கு அடியில்.
ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காத்திருக்காதே.

மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம், நீல மை.
கையெழுத்துப் போடவில்லை.
வால்தெமார் என்று முடிக்க ஓர் எல் வேண்டும்.
எங்கள் போர்ச்சுகீசில் அவன் எழுதிய
அந்த இரண்டு வாக்கியத்தில் எல்லே இல்லை.

பூட்டை மறுநாளே மாற்றினேன்.
சீட்டு மட்டும் இரண்டு மாதம்
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தது.
பிறகு ஸ்கேனரில் வைத்தேன்.
கோபத்தில் இல்லை. வாடகை பாக்கி.
நான் எழுத்துரு வரைகிறவள்,
அவனுக்கோ அழகான கை.

எண்ணினேன். இருபத்தாறில் பதினேழு இருந்தது.
ஈ மட்டும் ஏழு.
ஏழும் ஏழு தினுசு,
ஒன்று வாலைத் தூக்கி, ஒன்று பக்கத்து எழுத்தை முட்டி,
ஜாம் சீசா விளிம்பில் மொய்க்கிற ஈக்களேதான்.
ஒன்றையும் விரட்டவில்லை.
தட்டத் தட்ட மாறி மாறி வரும்படி செய்தேன்,
இயந்திரம் எழுதியது என்று எவரும் சொல்லமாட்டார்.

இல்லாத ஒன்பதை நானே வரைந்தேன்.
கே சுலபம், இங்கே யாருக்கும் அது தேவைப்படாது.
யூவுக்கு ஒரு வாரம் ஆனது.
எங்கள் மொழியில் நான் என்று எழுத யூ வேண்டும்,
நீ என்று எழுதவும்.
இரண்டும் இல்லாமலே
சொல்லி முடித்திருக்கிறான்.

மார்ச் என்று பெயர் வைத்தேன், அது மார்ச் மாதம்.
விற்பனைக் குறிப்பு:
திருமண அழைப்பிதழ், வாசனைத் திரவியம், ஒயின் லேபிள்.
முழுக்கப் பெரிய எழுத்தில் போடாதீர்கள், இடித்துக்கொள்ளும்.
பன்னிரண்டு புள்ளிக்குக் கீழே இழை அறுந்துவிடும்.
இடைவெளியைக் கூட்டாதீர்கள்,
கோத்த கை விட்டுப்போகும்.

மணப்பெண்கள் வாங்கினார்கள்.
அவெய்ரூவில் ஒரு பல் மருத்துவர், நன்றி அட்டைக்கு.
பிராகாவில் சவப்பெட்டி விற்கிறவர்
கடை முகப்பில், தங்க நிறத்தில்,
நான் எழுதியிருந்ததை மதிக்காமல்
முழுக்கப் பெரிய எழுத்தில்.

போன சனிக்கிழமை போல்யாவ் சந்தையில்
மீன் டின் அடுக்குக்கு முன்னால் வால்தெமார்.
நரைத்திருந்தான். புதுக் கண்ணாடி.
கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம், எல்லோருக்கும் தருகிற மாதிரி.
கையிலிருந்த டின்மேல் ஆலிவ் எண்ணெயில் மத்தி என்று
அவன் கையெழுத்து.
அதைத் தள்ளிப் பிடித்தான், கிட்டே பிடித்தான்.
"யாரோ பொம்பளை கையாலேயே எழுதியிருக்கா.
இந்த இஸட்டைப் பாரேன்."

இஸட் நான் வரைந்தது.
அந்த வரியில் அது ஒன்றுதான்.

வாயைத் திறந்தேன். அதற்குள் கடைக்காரி பெர்பெத்துவா
மூன்று எடுத்தால் ஒன்று சும்மா என்றாள்.
நாலு டின்னோடு போனான்.
எனக்கு அதில் ஒரு சென்ட் வராது,
உரிமம் ஒரே தடவை விற்பதோடு சரி.