கேட் போட்ட நேரம்

கொருக்குப்பேட்டையில் கேட் மூடினால்
வண்டியை அணைத்துவிட்டு ஊரே திட்டும்.
நீ மட்டும்
கூடைப் பையில் கையை விட்டுப் பென்சில் தேடுவாய்.

கூட்ஸ் நீளமாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டவள்
இந்த வடசென்னையிலேயே நீ ஒருத்திதான், சகாயம்.
"கூட்ஸுன்னா ஒரு முழு மூஞ்சி.
எலெக்ட்ரிக் ட்ரெயின்னா மூக்கும் காதும்தான்."

தலையில் மீன்கூடையோடு
நின்றபடியே தூங்கிய அம்மாள்.
பாக்ஸிங் கிளவுஸைத் தோளில் போட்டிருந்த பெண்.
முகூர்த்தத்துக்கு நேரமாகி
கேட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை:
அவன் நெற்றி வியர்வையை வரைந்தாய்,
மாலையை வரையவில்லை.
ஏன் என்றேன்.
"மாலை வாடகைக்குக்கூட கெடைக்கும்யா,
வேர்வை அவனோடது."

உனக்கென்று நோட்டு வாங்கித் தந்ததில்லை நான்.
என் கன்டெய்னர் சலான்களின் பின்பக்கம்தான்.
ஒரு நாள்
ஹார்பரில் ஒப்படைக்க வேண்டிய சலானில்
யாரோ ஒரு பெரியவரின் இடது கண்.
சூப்பர்வைசர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார்.
வீட்டுக்கு வந்து கிழித்தேன்,
கையில் கிடைத்த எல்லாவற்றையும்.

நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.
குழம்பை இறக்கினாய்.
ஜோயலுக்கு முள்ளெடுத்து ஊட்டினாய்.
மறுநாள் டிபன் பாக்ஸைத் திறந்தால்
மூடியின் உள்ளே சோற்றுப் பருக்கையால் ஒட்டிய படம்:
என் கை.
நகத்தில் கிரீஸோடு, கிழிக்கிற கை.
அவ்வளவு அச்சு அசலாக.

மன்னிப்புக் கேட்க
அதன் பிறகு இருபத்தோரு வருஷம் இருந்தது.
இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம்.

கரண்ட் போன ராத்திரிகளில்
பிள்ளைகளின் முதுகில் விரலால் வரைவாய்.
"சொல்லு, இன்னா இது?"
நண்டு.
"இல்ல."
கிரேன்.
"இல்ல."
விடை சொல்லாமலே தூங்கவைத்துவிடுவாய்.
காசிமேட்டில் உன்னை மண்ணுக்குக் கொடுத்து வந்த இரவு
ஜோயல் சட்டையைக் கழற்றிவிட்டு
மெர்லினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.
இருபத்தாறு வயசு ஆம்பளை.
அவளும் ஏதோ வரைந்தாள்.
அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஸ்டான்லியில் கடைசி வாரம்
பென்சில் நிற்கவில்லை உன் கையில்.
போர்வை மேல் விரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.
வலி என்று நினைத்து
சிஸ்டர் ஊசியோடு வந்தார்.
இருங்கம்மா, என்றேன்.
தூரத்தில் கூட்ஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

போஸ்டருக்குப் படம் கேட்டார்கள்.
ஆதார் அட்டையில் இருப்பது நீ இல்லை.
ஆதார் அட்டையில் யாரும் அவரவர் இல்லை.
கட்டிலுக்கடியில் மூன்று அரிசி மூட்டைப் பைகள்
நிறைய முகங்கள்.
தரையெல்லாம் பரப்பினேன்.
மிதிக்காமல் நடக்க இடமில்லை.
பால் பாக்கி எழுதிய ஓரத்தில், சீட்டுக்கணக்கின் நடுவில்
எங்கேயும் நீ இல்லை.

விடியற்காலையில்தான் பிடிபட்டது.
கூச்சத்தோடு ஒருத்தி,
"ஏம்மா, வேற வேலையில்ல?" என்கிற புருவத்தோடு ஒருத்தர்,
நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு வாண்டு.
அத்தனை கண்ணும் ஒரே பக்கம்.
அத்தனை பேரும்
உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
நான் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.
என்னைப் பார்த்தார்கள்.
ரொம்ப நேரம் இருக்க முடியவில்லை.

நேற்று கேட் மூடினார்கள்.
டிவிஎஸ்ஸை அணைத்தேன்.
பழைய சலான், கடை பில் போடுகிற பேனா.
தண்ணீர்க் குடம் இரண்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு
எதிரே ஒரு பையன்.
முட்டை மாதிரி ஒரு வட்டம் வந்தது.
மூக்கு வரவில்லை.
அவன் முறைத்தான்; பிறகு என்ன நினைத்தானோ
அசையாமல் நின்றான்.

வண்டி போய்விட்டது. கேட் ஏறிவிட்டது.
பின்னால் அத்தனை ஹாரனும் என் முதுகில்.
இருங்கய்யா,
இன்னும் ஒரு காது பாக்கி.