விரல் பதித்த தட்டு

புளியந்தோப்பு சமுதாயக் கூடத்தில்
ஒரு மின்விசிறிதான் சுற்றியது.
அதன் கீழே நெருக்கியடித்து
முப்பத்தோரு தள்ளுவண்டிக்காரர்கள்.
என்னிடம் நாற்பது சிலைடு இருந்தது,
புரொஜெக்டர் வரவில்லை.

"பாதுகாப்பான உணவு என்பது" என்று தொடங்கினேன்.
பின்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார்.
விடியற்காலை மூன்றுக்கு மாவு கரைத்தவர்.
விடட்டும்.

பேச்சை நிறுத்திப் பெட்டியைத் திறந்தேன்.
கடல்பாசிக் கூழ் உறைந்த வட்டத் தட்டுகள்.
"ஒரு விரலால தொடுங்க, அவ்வளவுதான்."
எதுக்கு ரேகை, லோனா, கேஸா
என்று கேட்டபடி எல்லோரும் உட்கார்ந்திருக்க
தேவகிருபை எழுந்து வந்தாள்.
பேசின் பாலத்தருகே முட்டை போண்டா, மிளகாய் பஜ்ஜி.
புடவையில் நன்றாகத் துடைத்துவிட்டு
(அந்தத் துடைப்புதான் வினை)
ஆட்காட்டி விரலை அழுத்தினாள்.
பிறகு வரிசை வந்தது.

கிண்டி ஆய்வகத்தில் இரண்டு இரவுகள்,
முப்பத்தேழு டிகிரி வெதுவெதுப்பில்.
மே மாதத்துச் சென்னையைவிடக்
கொஞ்சம் குளிர்ச்சி.

வியாழக்கிழமை தட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன்.
கொட்டாவிக்காரர் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.
வெள்ளை மணிகள், மஞ்சள் பொட்டுகள்,
ஓர் ஓரத்தில் பாலாடைபோல் ஏதோ படர்ந்து
விரலின் வடிவம் அப்படியே.
"மல்லிப்பூவாட்டம் இருக்கே,
இதுவா என் கை?"
சிரித்தாள் தேவகிருபை. பிறகு சிரிப்பு நின்றது.
ஐப்பசியில் ஒரு காலேஜ் பையன்
மூன்று வாரம் வரவில்லையாம்.
வந்தபோது சட்டை தொளதொளத்ததாம்,
டைபாய்டுக்கா என்றானாம்,
சொல்லிக்கொண்டே ரெண்டு போண்டா கேட்டானாம்.
"அது நான்தானா மேடம்?"

தெரியாது என்றேன்.
தட்டுக்கு அவன் பெயர் தெரியாது.
எங்கேயும் வந்திருக்கலாம்,
இங்கேயும் வந்திருக்கலாம்.
அந்த இரண்டாவது வாக்கியத்தை
விழுங்கியிருக்கலாம் நான். விழுங்கவில்லை.

அடுத்து, சிலைடு இல்லாமலே ஒப்பித்தேன்:
ஓடும் நீரில், சோப்புப் போட்டு, இருபது விநாடி.
"ஓடுற தண்ணியா?" என்றார் கொட்டாவிக்காரர்.
"எங்க பக்கம் ஓடுறது ஓட்டேரி நல்லா ஒண்ணுதான்.
பேர்ல மட்டும் நல்லா."
கூடமே சிரித்தது. நானும்.
ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரி,
வண்டிக்கு ஒரு நீலக் குடம்,
சட்னிக்கும் அதுதான், டம்ளருக்கும் அதுதான்,
கைக்கு மிச்சம் இருந்தால்.
அன்றிரவு குழாய் கேட்டு மனு அனுப்பினேன்.
உடனே பதில் வந்தது,
பன்னிரண்டு இலக்க எண்ணாக.

பத்து நாள் கழித்துப் பாலத்தருகே போனேன்.
வண்டிக் கம்பத்தில் ஒரு பழைய எண்ணெய் கேன்,
அடியில் பிளாஸ்டிக் திருகு குழாய்.
வெங்காய வலைப்பையில் ஒரு துண்டு சோப்பு
தூக்கில் ஆடிக்கொண்டிருந்தது.
காசு வாங்கிய கையை நனைத்து, நுரைத்து,
உதறிவிட்டு மாவைத் தொட்டாள்.
உதடு அசைந்தது, எண்ணுகிறாள்.
காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி
சாயங்காலக் கும்பலுக்கு இல்லையாம்,
நாலு மணிக்குப் புதுசாக ஒரு கிண்ணம்.
"செலவுதான்" என்றாள்.
சொல்லிக்கொண்டே பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்து
எண்ணெய் ஒற்றினாள். ஏதோ ஒரு மந்திரியின் முகம்
பஜ்ஜியில் அச்சாகும் அளவுக்கு.
வாயைத் திறந்தேன்.
"நாளைக்கு ஒண்ணு மேடம்.
ஒரே நாள்ல எல்லாத்தையும் சொல்லாத."

வீட்டுக்கு வர ஒன்பதரை.
மதியம் வடித்த சோறு அடுப்பு மேடையில்
மூடி போட்டு அப்படியே.
முகர்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது.
மூக்குக்கு எதுவும் தெரியாது என்று
முப்பத்தோரு பேருக்குச் சொன்னவள் நான்.
சூடு பண்ணினால் சரியாகாது என்றும் சொன்னேன்.
பசி. தட்டில் போட்டு, பிசைந்து,
பிறகு எழுந்து கொட்டினேன்.
கோபமாக வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

பெட்டியில் ஒரு தட்டு மிஞ்சியிருந்தது.
கை கழுவாமல்
அதில் என் விரலை அழுத்தினேன்.
சனிக்கிழமை திறக்க வேண்டும்.
மூடியில் இன்னும்
பெயர் எழுதவில்லை.