3389-ஆம் கதவு

இரவு ஒன்று நாற்பது.
மண்டபம் முழுக்கக் கரண்ட் போய் வந்தது.
ரவுட்டரின் நான்கு விளக்குகளும்
ஒவ்வொன்றாய் எழுந்து நின்றன.
திரையில் மட்டும் அதே வரி:
நேரம் கடந்துவிட்டது. இணைக்க முடியவில்லை.

மும்பையில் இருக்கிறதாம் அந்த எந்திரம்.
ஐந்து வருஷமாய் மாதவாடகை கட்டுகிறோம்,
அதன் நிறம் தெரியாது.
அதற்குள்தான் கிடக்கிறது
பதினோரு டன் நீலக்கால் நண்டின் கணக்கு,
எடைச்சீட்டு, பெட்டி எண், ஐஸ் அறைப் பதிவு.
கீழே கருமலையான்
கன்டெய்னரை உறுமவிட்டுக் காத்திருக்கிறார்.
தூத்துக்குடியில் காலை ஏழுக்குள் கேட் ஏறவேண்டும்.

சீனி நைனா போனில் கேட்கிறார்:
"ஏம்மா ஜெனிட்டா, மேகத்துல வச்சிருக்கோம்னியே,
மழை பேஞ்சிருச்சோ?"
சிரிக்கிற நேரமா இது. சிரித்துவிட்டேன்.

முதலில் எல்லாரும் செய்வதைச் செய்தேன்:
அணைத்துப் போட்டேன்.
கேபிளைப் பிடுங்கி ஊதிச் செருகினேன்.
செல்போன் நெட்டில் முயன்றேன்,
அங்கேயும் அதே வரி.
கடவுச்சொல் தப்போ என்று பயந்தேன்.
கடவுச்சொல் கேட்கும் இடம்வரைகூட
நான் போய்ச் சேரவில்லையே.

இந்த வேலையில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
'மறுக்கப்பட்டது' என்று வந்தால் சந்தோஷப்படு.
மறுக்க அங்கே ஆள் இருக்கிறது.
எழுந்து கதவுவரை வந்துதான்
உன்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.
'நேரம் கடந்துவிட்டது' அப்படியல்ல.
தட்டிய ஓசை எந்த ஆழத்தில் விழுந்ததென்று
சொல்ல ஒரு நாதியில்லை.

பக்கத்து மாடியில் வயர்லெஸ் செட்:
"மரியசெல்வம், மரியசெல்வம், கேக்குதா, ஓவர்."
கரகரப்பு.
"கேக்குதா, ஓவர்."
கச்சான் பலத்து இது மூன்றாம் நாள்.
அவள் கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிடுகிறாள்.
நானும் கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்துகிறேன்.

நிர்வாகப் பக்கத்தைத் திறந்து
எந்திரத்தின் முகத்தைப் படமெடுக்கச் சொன்னேன்.
வந்தது:
பூட்டிய திரை, யாரோ வைத்த பனிமலை,
சரியான மணி, சரியான தேதி.
நோயுமில்லை நொடியுமில்லை.
ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது கழுதை.

அப்படியானால் வழியில்தான்.

காவல் விதிகளை வரிவரியாய் இறங்கிப் படித்தேன்.
கடைசிக்கு முந்தைய வரி:
3389-ஆம் கதவு, இந்த ஒரு விலாசத்துக்கு மட்டும்.
எழுதியவர் பெயர் பக்கத்தில். என் பெயர்.
போன மாதம், ஒரே ராத்திரியில்
நாலாயிரம் பேர் அந்தக் கதவைத் தட்டிப்பார்த்த மறுநாள்
நானே போட்ட தாழ்ப்பாள்.

இப்போது என் விலாசம் என்ன என்று பார்த்தேன்.
நேற்றுவரை அறுபத்திரண்டில் முடிந்தது.
இன்று நூற்றுப் பதினேழு.
கரண்ட் போய் வந்த அந்த இடைவெளியில்
நாற்காலியைவிட்டு எழாமலே
நான் வேறு ஆளாகியிருக்கிறேன்.

"எல்லாருக்கும் தொறந்து விட்ரேன்மா" என்கிறார் நைனா.
நாலு பூஜ்யம் போட்டால் போதும்,
உலகமே உள்ளே வரும்.
கை ஒரு நொடி போகத்தான் போனது.
அறுபத்திரண்டை அழித்தேன்.
நூற்றுப் பதினேழு எழுதினேன்.
சேமித்தேன்.
இருபது நொடி.

திறந்தது.
நான் விட்ட இடத்திலேயே நின்றிருந்தது எல்லாம்:
பெட்டி 214, எடை,
அதன் பக்கத்தில் துடிக்கும் ஒரு கோடு.
ஒன்றே முக்கால் மணிநேரம்
அது எனக்காகக் காத்ததென்று சொல்லமாட்டேன்.
அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

பிரிண்டர் முக்கி முக்கிப் பதினாறு தாள் தள்ளியது.
சூடு ஆறுமுன் கருமலையான் வாங்கிப் போனார்.

பக்கத்து மாடியில் வேறொரு படகின் குரல்:
"அவன் செட்டு செத்துப்போச்சு தாயி,
எங்க அண்டையிலதான் நங்கூரம் போட்டுத் தூங்குறான், ஓவர்."
அவள் ஓவர் சொல்லாமலே
திட்டத் தொடங்கினாள், தலைமுறை தலைமுறையாய்.

காலையில் நைனாவிடம் கேட்கவேண்டும்,
மாறாத விலாசம் ஒன்று,
மாதம் அறுநூறு ரூபாய்.
அடுத்த மாசம் பாப்போம் என்பார்.