மஞ்சள் உறை

திவாலானவன் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான் என்பார்கள் ஊரில்.
வெறும் சொல்வழக்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
ஹாகன் நகரில், மார்ச் மாத மழையில்,
உண்மையிலேயே மஞ்சள் உறையில் வந்தது அது.
மேலே தபால்காரர் தேதி எழுதியிருந்தார்,
கையெழுத்தும் போட்டிருந்தார்.

இரவுப் பணி முடிந்து வந்த கையோடு
அகராதியை மடியில் வைத்து மூன்று முறை படித்தேன்.
தமிழைப் போலத்தான் இந்த மொழியும் சில நேரம்:
யார், எப்போது, எவ்வளவு எல்லாம் சொல்லி
என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் வைக்கும்.
வீட்டுக்காரர் பிரிங்க்ஹோஃப்
என்று தொடங்கிய வாக்கியம்
ஏழாவது வரியில்தான் நொடித்துப்போனது.

இனி வாடகையை அவரிடம் தராதே.
நீதிமன்றம் அமர்த்திய வக்கீலம்மாவின் கணக்கில் கட்டு.
மீறித் தந்தால், தந்தது தந்ததாகாது.

மூன்றாம் மாடி நெவ்ஸாத்
உறையைப் பிரிக்காமல் செருப்புப் பெட்டிமேல் வைத்துவிட்டு
மறுநாளே பிரிங்க்ஹோஃபின் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டார்,
பதினொரு வருடப் பழக்கம்.
இன்னொரு முறை கட்ட வேண்டுமாம்.
"ஒரே மாதத்தில் இரண்டு தடவை குடியிருந்தேனா நான்?"
படிக்கட்டில் நின்று கேட்டார்.
விளக்கு தானாக அணைந்தது. மறுபடி போட்டார்.
மறுபடியும் கேட்டார்.

என் முன்பணம் ஆயிரத்து நானூற்று நாற்பது யூரோ.
தனிக்கணக்கில் போட்டு வைக்க வேண்டும் என்பது சட்டம்.
போடவில்லை.
கூரைக்குப் போயிற்று என்றார்கள்,
டோர்ட்முண்டில் வாங்கிய இரண்டாம் கட்டடத்துக்கு என்றார்கள்.
படிவத்தில் 'கடன் கொடுத்தவர்' என்ற கட்டத்தில்
என் பெயரை எழுதினேன்.
இதற்குமுன் யாரும் என்னை அப்படி அழைத்ததில்லை;
அரை நிமிடம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன்.
வரிசையில் நாற்பத்தேழு.
எல்லாருக்கும் முன்னால் வங்கி.
வக்கீலம்மா ஒளிக்காமல் சொன்னாள்:
நூற்றுக்கு இரண்டு வரலாம், நான்கு வருடம் ஆகலாம்.
காலண்டரின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
இருபத்தெட்டு யூரோ, எண்பது காசு.

ஏப்ரலில் எண்ணெய்த் தொட்டி வறண்டது.
நிரப்புவது யார் என்று
மூன்று அலுவலகங்கள் பணிவாகக் கடிதம் எழுதிக்கொண்டன.
பாயசப் பானையில் வெந்நீர் வைத்துக் குளித்தோம்.

அந்தக் குளிரில் ஒரு சனிக்கிழமை
முனிச்சிலிருந்து பல் டாக்டர் ஒருவர் வந்தார்.
ஏழு சதவீத வட்டிக்கு
பிரிங்க்ஹோஃபின் கம்பெனியில் போட்டவராம்.
தெருவில் நனைந்துகொண்டு ஜன்னல்களை எண்ணினார்.
பிறகு மணியடித்து, மன்னியுங்கள்,
கழிப்பறையைப் பயன்படுத்தலாமா என்றார்.
ஆறு மணிநேரம் ரயிலில் வந்திருக்கிறார்.
வெளியே வந்து, "உள்ளே இவ்வளவு குளிருமா?" என்று கேட்டார்.
உங்கள் முதலீடுதான் என்று வாய்வரை வந்தது.
கை துடைக்கத் துண்டு கொடுத்தேன்.
மடித்துத் திருப்பித் தந்தார்,
அறுபது வயது மனிதர்,
ஆஸ்பத்திரியில் மகன் சட்டையை மடிப்பதுபோல.

வீடு ஏலத்துக்குப் போகுமாம். யார் வாங்கினாலும்
குடியிருப்பவளைச் சும்மா கிளப்ப முடியாதாம்.
செங்கலோடு சேர்த்து என்னையும் வாங்குவார்கள்.
விலைப்பட்டியலில் எனக்கு எவ்வளவோ, தெரியவில்லை.

ஜூன் கடைசி. சூப்பர் மார்க்கெட்டில்
காலிப் பாட்டில் வாங்கும் எந்திரத்தின் முன்
எனக்கு முன்னால் நின்றவர்
பிரிங்க்ஹோஃப். கையில் நீலத் துணிப்பை.
பாட்டிலுக்கு இருபத்தைந்து காசு.
அதற்கும் என் முன்பணத்துக்கும் ஒரே விதிதான் இங்கே:
காலி செய், கொடுத்ததை வாங்கிக்கொள்.
எந்திரம் தனிக்கணக்கு வைத்திருக்கிறது போலும்.

நசுங்கிய ஒன்றை மூன்று முறை துப்பியது அது.
திரும்பினார். என்னைத் தெரிந்துகொண்டார்.
காது மடல் சிவந்தது.
நான் கேட்க வேண்டியதெல்லாம்
வினைச்சொல் வந்து சேராமல் நாக்கில் நின்றது.

"உள்ளே ஊதுங்கள்" என்றேன்,
"லேபிள் மேலே தெரிய வையுங்கள்."
ஊதினார். தளர்ந்த கன்னங்கள் இரண்டும் உப்பின.
எடுத்துக்கொண்டது.