பத்துக்கு எத்தனை

முதுநகர் ஐஸ் ஆலையில் இரவுக் கணக்கு எழுதுகிறேன்.
பார் எத்தனை, பாக்கி எத்தனை, யார் பெயரில்.
படகுகள் கிளம்பும் மூன்று மணி வரை
அதே மேசையில், அதே விரல்களால்
அதிகம் பேர் ஆடாத வீடியோ கேம்களுக்கு
மதிப்பெண் போடுகிறேன்.
ஒரு விமர்சனத்துக்கு அறுநூறு ரூபாய்.
சொற்கள் எண்ணூறு, எண் ஒன்று.
எண்ணைத்தான் படிப்பார்கள்.

இந்த மாதம் முதலில் வந்தது பனி நாட்டு ரயில்.
நான் டிக்கெட் பரிசோதகர்.
ஒரே பெட்டி, பதினோரு பயணிகள், ஒருவரிடமும் டிக்கெட் இல்லை.
இறக்கிவிட்டால் வெளியே பனி,
இறக்காவிட்டால் சம்பளத்தில் பிடிப்பு.
கடைசிவரை ஒருவரையும் இறக்காமல் வேலையை இழந்தேன்.
ஏழரை.

தையல்காரர்கள் சண்டை போடும் ஒன்று.
கத்தரிக்கோல், இன்ச் டேப், ஊசிமழை.
தோற்றவன் வென்றவனுக்குச் சட்டை தைத்துத் தர வேண்டும்.
அளவெடுக்கும்போது இருவரும் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள்.
எட்டு. காஜா எடுத்த நேர்த்திக்கு இன்னொரு கால்.

லிஃப்டில் பேய்.
நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில்
இங்கே கரண்ட் போனது.
கம்ப்ரஸர் நின்ற அமைதியில்
லேப்டாப்பில் ஒன்பது சதவீத வெளிச்சம்.
பயத்தில் யார் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.
ஐந்து போட்டேன்.
மின்வாரியத்துக்கு நன்றி என்று எழுதி, அழித்தேன்.

பிறகு அந்த மீன்பிடி கேம். விருது வாங்கியது.
அந்திவெயிலை அலைமேல் உரித்துப் போட்டிருந்தார்கள்.
ஒன்பது என்று எழுதி வைத்திருந்தேன்,
அஞ்சாப்புலி ஐஸுக்கு வரும்வரை.
ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு
"குடு, பாப்போம்" என்றார்.
தூண்டிலைத் தொடவேயில்லை.
என்ஜினை அணைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.
படகு விட்ட இடத்திலேயே நின்றது.
"நங்கூரம் போடல. நீவாடும் இழுக்கல.
இது கடல் இல்லப்பா, தாம்பாளம்."
எண்ணூறு சொற்களையும் திரும்ப எழுதினேன்.
ஆறு.

"வேற என்ன வெச்சிருக்க?"

பாசி இருந்தது.
ஒரு சுவர். நாம் பாசி. அவ்வளவுதான்.
அழுத்த ஒரு பொத்தானும் கிடையாது.
அங்கே மழை பெய்தால் ஏறுவோம்.
யாரோ ஒற்றை ஆள் இரண்டு வருடம் உட்கார்ந்து செய்தாராம்.
மூன்று போட்டு அனுப்பியாகிவிட்டது,
'கார்த்திகையில் என் குளியலறைச் சுவர்
இதை இலவசமாகவே தருகிறது' என்று ஒரு கிண்டலோடு.

அவர் குனிந்து பார்த்தார்.
வெளியே தள்ளுவண்டியில் பார்கள் உருகிக்கொண்டிருந்தன.
தெற்கிலிருந்து சிப்காட் வாடை வந்து போனது.
"ஜன்னல எப்பத் தொடும்?"
தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது.
நாற்பது நிமிடத்தில் மூடியவன் நான்.

மறுநாள் ஐஸ் கேட்கும் முன் அதைக் கேட்டார்.
"எவ்ளோ ஏறிச்சு?"
அரை விரல்.
அப்புறம் ஒரு செங்கல்.
அப்புறம் செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவில்
பூச்சு பெயர்ந்த இடத்தில் மூன்று நாள் நின்றது.
"அங்க ஈரம் புடிக்கும். விடு" என்றார்.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றி
ஒரு படகும் போகாத இரவில்கூட
குடையோடு வந்து நின்றார். ஐஸ் வேண்டாமாம்.

நேற்று பகலில், இடம் போதவில்லை என்று,
எழுதி முடித்தவற்றோடு அதையும் அழித்துவிட்டேன்.
எப்போதும் செய்வதுதான்.
இரவு ஒரு மணிக்குத்தான் உறைத்தது.
திரும்ப இறக்கினேன்.
சுவரின் அடியில், தரையை ஒட்டி, ஒரு பச்சைப் புள்ளி.

வந்தார். பார்த்தார்.
"என்னது, எறங்கிடிச்சி?"
"அங்க வெயில் அடிச்சிருக்கும்" என்றேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"ஏறும்" என்றார்.

நாலு பார் ஏற்றிக்கொண்டு போனார்.
கணக்கில் மூன்று என்று எழுதினேன்.