ஐந்து இருபது, பதின்மூன்று

ஆடி மாதத்திலிருந்து பெரம்பூர் ஷெட்டில்
நாலு புளியங்கட்டை மேல் நிற்கிறது ஹெரால்டு.
எஞ்சின் மூச்சு விடுகிறது, விளக்கு எரிகிறது,
கால்தான் இல்லை.

ஐந்து இருபது, பதின்மூன்று.
கடை கடையாக இந்த எண்ணைச் சொல்லிச் சொல்லி
என் செருப்பு அளவே மறந்துவிட்டது.

புதுப்பேட்டையில் ஒருவர் பரணிலிருந்து இறக்கினார்
காகிதம் சுற்றிய ஜோடி, எழுபத்தொன்றாம் வருஷத்துச் சரக்கு.
"ரோட்டோட மூஞ்சையே பாக்காத டயரும்மா."
கட்டைவிரல் நகத்தை வைத்தேன்.
வெடிப்புக்குள் நகம் முழுகியது.
அசல்தான், சந்தேகமில்லை.
அசல் என்பதால்தான் அறுபதில் வெடிக்கும்.

"இண்டிகா ரேடியலை மாட்டுக்கா," என்றான் ஜெபசீலன்.
"மழையில புடிக்கும், பிரேக் அடிச்சா நிக்கும்,
எவன் குனிஞ்சு பாக்கப் போறான்?"
ஒன்றை மாட்டிப் பார்த்தோம்.
பட்டுவேட்டிக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ.
குனியாமலே தெரிந்தது.

மூன்றாவது கப்பலில் வர வேண்டும்.
பழைய அச்சில் புது ரப்பர்,
அதே வரி, அதே பள்ளம், அதே ஒல்லி உடம்பு.
நாலு வாங்கினால் ஐந்தாவதின் விலை சுங்கத்துக்கு.
"நகல்தானே, அதுக்கா இவ்வளவு?"
கால்குலேட்டரிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்
என் வீட்டுக்காரர்.

நகல்.
புரசைவாக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையில்
இருபத்திரண்டு வருஷமாக நான் பல் செய்கிறேன்.
டாக்டர் இல்லை. டாக்டர் அளவெடுத்து அனுப்புவார்,
மெழுகு, அச்சு, வேக்காடு எல்லாம் நான்.
போன மாசம் ஒரு ரிட்டயர்டு கோர்ட் கிளார்க்,
முத்து முத்தாக வைத்து அனுப்பியதைத்
திருப்பிக் கொடுத்துவிட்டார்.
முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து எங்கே?
வெற்றிலைக் கறை எங்கே?
கண்ணாடியில் வேறு யாரோ நிற்கிறானாம்.
சந்து வைத்தேன். பிரஷ் நுனியால் கறை தொட்டேன்.
அவர் மனைவி போனில் சிரித்தார்,
பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

வெள்ளைப் பட்டை வேண்டுமா என்று கேட்டார்கள்.
கேட்லாக்கில் பட்டை இருக்கிறது.
வண்டியோடு வந்த ஒரே போட்டோவில்,
மூர் மார்க்கெட் வாசலில்,
கருப்பு டயர், அச்சாணி வரை சேறு.
வேண்டாம் என்று எழுதினேன்.

ஐப்பசி மழைக்கு நடுவே வந்தன,
துறைமுகத்தில் பதினொரு நாள் ஊறி.
பக்கவாட்டில் நாலு இலக்கம்:
எத்தனாவது வாரம், எந்த வருஷம்.
பிறந்து ஏழே மாதம்.
ஜெபசீலன் கிரைண்டரை எடுத்தான்.
"ராலியில ஜட்ஜுங்க டார்ச் அடிச்சுப் பாப்பாங்க. அழிச்சிடவா?"

நான் செய்யும் ஒவ்வொரு செட்டிலும்
பெயரும் தேதியும் எழுதிய ஒரு துணுக்குக் காகிதம் புதைந்திருக்கும்,
உள்பக்கம்,
நாக்குக்கு மட்டும் தெரிந்த இடத்தில்.
அழிக்காதே என்றேன்.
உள்பக்கமாகத் திருப்பி மாட்டு.

முதல் காலை.
ராத்திரி முழுக்க நின்றதில் அடி தட்டையாகி
தொம், தொம், தொம் என்று நொண்டியது வண்டி.
மெட்ரோக்காரன் போட்ட இரும்புத் தகட்டில்
எந்தக் கோடு கூப்பிட்டாலும் அந்தப் பக்கமே போகிறது ஸ்டீயரிங்.
நான் அப்பவே சொன்னேனே என்கிற முகத்தை
ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான் ஜெபசீலன்.

புதுப் பல் போட்ட வாய்
முதல் நாள் 'ச'வைத் தேடும்.
சர்க்கரை என்றால் காற்று மட்டும் வரும்.
பேசிக்கொண்டே இருங்கள் என்பேன்.

ஓட்டிக்கொண்டே இருந்தேன்.
டவுட்டன் தாண்டும்போது ரப்பர் சூடேறி
தொம் தேய்ந்து, ம்ம் ஆகி,
எங்கே நின்றது என்று கவனிக்கவில்லை.

வேப்பேரி சிக்னலில், ஹெல்மெட்டைத் தூக்கி,
டெலிவரிப் பையன் ஒருவன்
சக்கரத்தைப் பார்த்தானா கூரையைப் பார்த்தானா,
"ஒரிஜினலாக்கா?" என்றான்.

"எது?" என்று கேட்பதற்குள்
பச்சை விழுந்துவிட்டது.