நாலரை விழுக்காடு

தொழில் என்ற கட்டத்தில்
'உப்பளம், புத்தளம்' என்று எழுதியிருந்தார் வைகுண்டமணி.
நான் நெபுலைசர் கோப்பையில் ஊற்றியதும்
உப்புத் தண்ணீர்தான்.
நூற்றுக்கு நாலரை. கடலைவிடக் கொஞ்சம் கூடுதல்.
"இம்புட்டுதானா மோளே?" சிரித்தார்.
"எனக்க பாத்தித் தண்ணியில கால் வச்சுப் பாரு."

மூக்கில் கிளிப் மாட்டி
ஊதச் சொன்னேன்.
முதல் நொடியில் இரண்டு லிட்டர் எண்ணூறு.

அரை நிமிடம் ஆவி. ஊதுங்க.
ஒரு நிமிடம். ஊதுங்க.
ஆசாரிப்பள்ளத்தில் அன்று காலையிலிருந்தே சாரல்.
மழை நாளில் அளத்தில் வேலை கிடையாது,
அதனால்தான் வந்திருந்தார்.
இரண்டு நிமிடம்.

இந்நேரம் உள்ளே நடப்பது எனக்குத் தெரியும்.
மூச்சுக்குழாயின் மேல் பூசிய ஈரம் உப்பேறுகிறது.
அடியிலுள்ள செல்கள் தம் தண்ணீரை விட்டுக்கொடுக்கின்றன,
கருவாட்டுக்கு வெட்டிய மீன் மாதிரி,
உயிரோடு.
நடுநடுவே மாஸ்ட் செல்கள்,
பொட்டலம் பொட்டலமாய் நெருப்பைக் கட்டி வைத்திருப்பவை.
இது வெறும் பரிசோதனை என்று
அவற்றுக்கு யார் சொல்ல?
அவிழ்த்துவிடுகின்றன.
குழாயைச் சுற்றிய தசை
நனைந்த கயிறாக இறுகுகிறது.

நான்கு நிமிடம். இரண்டு லிட்டர் முந்நூறு.
தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன.
"நெஞ்சுக்குள்ள யாரோ வரப்பு கட்டுகு."
நான்தான் என்று சொல்லவில்லை.
சால்பூட்டமால் கொடுத்தேன்.
வரப்பு மெல்ல உடைந்தது.
இருமிக் கொடுத்த கோழையை வாங்கிக்கொண்டேன்.

ஸ்லைடில் நானூறு செல் எண்ண வேண்டும்.
இயோசினோபில் நாற்பத்து நான்கு.
இரட்டை மடல் கரு, உடம்பெல்லாம் சிவந்த மணல்.
இவை இன்று நான் வரவழைத்தவை அல்ல,
எத்தனையோ மாதமாய்க் குடியிருப்பவை.

பார்க்கணும் என்றார். காட்டினேன்.
ஒற்றைக் கண்ணை மூடி நெடுநேரம் குனிந்திருந்தார்.
"சித்திரையில கடைசிப் பாத்தி
இந்த நெறத்துக்குத்தான் வரும்.
பிறவு உப்பு வாரலாம்."

"அப்போ உப்புதான் காரணமா?"
உப்பு கதவைத் தட்டத்தான் செய்தது.
உள்ளே இவ்வளவு பேரைக் குடிவைத்தது யார் என்று
என் மெஷினுக்குத் தெரியாது.
அளத்தை விடச் சொல்வார்களோ என்பது
அவருடைய அடுத்த கேள்வி. டாக்டரிடம் கேளுங்க என்றேன்.
எங்கள் எல்லாரிடமும் இருக்கும் பதில் அது.

சட்டைப்பையில் இன்ஹேலரோடு
மழையில் பஸ்ஸுக்கு ஓடினார். ஓடக் கூடாது என்று கத்தினேன்.

மிச்சக் கரைசலை ஊற்றிய கிண்ணத்தை
மூட மறந்துபோனேன்.
திங்கள்கிழமை வந்து பார்த்தால்
அடியில் ஏழெட்டுச் சதுரப் பரல்,
ஒரு கூலியும் வாங்காமல் விளைந்தது.